விழுப்புரத்து ஷட்டில் குழுவும் முப்பதாம் நாள் பூசையும்

ஜனவரி 9, வியாழன். திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள சொந்த ஊரில், தங்கையின் வீட்டில், அந்தோணிராஜ் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்து மூன்று. பாரிஸ் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

ஜனவரி 10, வெள்ளி. மாலையில் மாதாகோயில் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அது முடிந்த பிறகு பாரிஸில் எனக்குத் தொலைபேசியில் தகவல் வந்தது. சொன்னவர் விழுப்புரத்தைச் சேர்ந்த செல்வம். அவரை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி. சென்னையிலிருந்து விழுப்புரம் வந்தேன்.

பிப்ரவரி 8, சனி. முப்பதாம் நாள் பூசை.

பிப்ரவரி 9, ஞாயிறு. விழுப்புரத்திலிருந்து புறப்பட்டேன்.

இந்தக் குறிப்புகளில் பிழை இல்லை. விடுபட்டது ஒன்றுதான். அந்தோணிராஜும் நானும் பாரிஸில் முப்பத்தோராண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தோம். அந்த நகராட்சியின் பதிவில் நாங்கள் வாழ்க்கைத் துணைவர்கள். அவருடைய ஊரிலோ நான் ‘அண்ணன் தங்கியிருக்கும் வீட்டின் ஓனர்’. இரண்டையும் அமைத்தவர் அவரே. ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தனியாக ஊருக்கு வருவார். மாதம் முடியத் திரும்பிவிடுவார். அந்த ஏற்பாட்டில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. இறந்தவருக்காக வீட்டு ஓனர் அழ முடியாது என்பது இந்த ஜனவரியில்தான் தெரிந்தது.

அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு என்று ராஜ் சொல்லியிருக்கிறார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறையை மந்திரித்த பின், குடும்பத்தார் தோட்டத்து வாசலில் வரிசையாக நிற்பார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர்களின் கையைத் தொட்டுவிட்டு வெளியேறுவார்கள். பேச்சு கிடையாது. யாருடைய கை தொடப்படுகிறதோ அவர் துக்கக்காரர். அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஒன்றுக்காகவே நான் புறப்பட்டேன்.

*

நான் பிறந்தது பாளையங்கோட்டையில். விழுப்புரத்தை ரயில் சன்னல் வழியாக மட்டுமே அறிந்தவன். நள்ளிரவில் என்ஜின் மாற்றும் ஓசையாகவும் காப்பிக் குரலாகவும். பகலில் இறங்கியபோது அது அலுவலகங்களும் கல்லூரிகளும் நெருக்கியடிக்கும் வேறோர் ஊராக இருந்தது. ஷேர் ஆட்டோவில் ஏழு பேருக்கு நடுவே உட்கார்ந்தேன்.

“கால நகத்துங்க பெரியவரே, இன்னும் ரெண்டு பேரு ஏறணும்.”

“எங்கே ஏறுவார்கள்?”

“அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க,” என்றார் ஓட்டுநர். அவர்களும் பார்த்துக்கொண்டார்கள்.

விடுதி வாசலுக்குச் செல்வம் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உதவியாளர். ஊரில் மல்லாட்டை எனும் நிலக்கடலை போடும் நிலம் உண்டு என்பதை அவருடைய பாதங்கள் சொல்லின. கழுத்தில் துண்டு, ஹாண்டில்பாரில் உறை போட்ட இறகுப்பந்து மட்டை.

“போன்ல கேட்ட குரலுக்கு ஆளு ரொம்ப ஒல்லியா இருக்கீங்க சார். சாப்டீங்களா?”

“ஆயிற்று. மட்டை எதற்கு?”

“கோர்ட்டுக்குப் போறோமில்ல. ஏறுங்க.”

கோர்ட் என்பது ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மெஸ்ஸின் மாடி. உரிமையாளர் காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் நெடுங்காலம் சமைத்துவிட்டுத் திரும்பியவர். மதியக் கூட்டம் வடிந்த பின், இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை மாடி ஹால் காலியாக இருக்கும். அந்த இடைவெளிதான் இந்த மாவட்டத்தில் ஆண்களை விரும்பும் ஆண்களின் இரவு வாழ்க்கை. அது முழுவதும் வெயிலிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் மணமானவர்கள். சுவரோரம் மட்டைகள் வரிசையாகச் சாத்தப்பட்டிருந்தன. ஒரு மூலையில் மடித்த வலை. ராஜ் வாங்கிக் கொடுத்தது. அதன் விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.

“பேரு விழுப்புரம் நண்பர்கள் இறகுப்பந்துக் குழு,” என்றார் காதர் பாய். “பன்னண்டு வருசமா ஒரு மேட்சு தோத்ததில்ல.”

“ஆடினாத்தான பாய் தோக்கறதுக்கு,” என்றான் மதன். முப்பது வயது; தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை.

குழுவுக்கு ஒரு வாட்ஸாப் மொழி இருந்தது. ‘கோர்ட் ஃப்ரீ’ என்றால் கூடலாம். ‘நெட் கிழிஞ்சிடுச்சி’ என்றால் யாரோ ஒருவர் வீட்டில் சந்தேகம். சில வாரம் ஒருவரையொருவர் தெருவில் பார்த்தாலும் தெரியாதது போலப் போக வேண்டும். கலையும் நேரத்தில் எல்லோரும் கைகழுவும் தொட்டியருகே வரிசையில் நின்று, சட்டைக் காலரையும் அக்குளையும் தண்ணீரால் நனைத்துக்கொண்டார்கள். ஆடிய வியர்வையோடு வீடு திரும்ப வேண்டுமல்லவா.

நான் ஒரு நாற்காலியில் அமர்த்தப்பட்டேன். வேகவைத்த மல்லாட்டை ஒரு தட்டு நிறைய வந்தது. உப்பு நீர் விரலிடுக்கில் வழிய உரித்துத் தின்றபடி எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ராஜ் இங்கு பாரிஸைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். எதுவரை உண்மை என்பதை உறுதி செய்ய இப்போது ஆள் கிடைத்திருக்கிறது.

“சார், அங்க ஆம்பளையும் ஆம்பளையும் கையப் புடிச்சிக்கினு ரோட்ல போலாமாமே?”

“போகலாம். எல்லாத் தெருவிலும் அல்ல.”

“நீங்க ரெண்டு பேரும் போனீங்களா?”

“மழை நாளில், ஒரே குடையில்.”

பிறகு மதன் சொன்னான்: “இதுக்கா சார் பிளைட் ஏறிப் போவணும்? நம்ம பஸ் ஸ்டாண்டுல எல்லாப் பயலும் விரல கோத்துக்கினுதான் சுத்தறான். ஒருத்தன் கேக்க மாட்டான்.”

அது உண்மை. அன்று மாலையே பார்த்தேன். கல்லூரி மாணவர்கள், கொத்தனார்கள், காக்கிச் சட்டைக்காரர்கள்கூடச் சுண்டுவிரல் கோத்து நடந்தார்கள். கோத்த விரலுக்குப் பொருள் எதுவும் இல்லாதவரை இந்த ஊரில் எல்லாம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. பாரிஸில் பொருளுக்கு அனுமதி உண்டு, கையைத்தான் காணோம்.

பாரிஸில் நாங்களும் வெள்ளிக்கிழமைகளில் மதுக்கூடத்துக்குப் போவோம். பத்து மணிக்கு முன் அங்கே நாற்காலிகளைத் தவிர வேறெவரும் இருப்பதில்லை. தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு, வாசலில் கொடி. எவரும் ஒளிவதில்லை. எனினும் ஐம்பதைக் கடந்தவன் அங்கே சுவரோடு சுவராகிவிடுவான். இசையின் இரைச்சலில் பேசவும் முடியாது. சாப்பிட்டாயா என்று அந்த நகரில் எந்த மதுக்கூடத்திலும் எவரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே படியேறி முடிப்பதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இதை நான் போற்றிச் சொல்லவில்லை. சட்டம் இந்நாட்டிலும் மாறிவிட்டது. நான் கற்பித்த பாடமே சட்ட வரலாறு என்பதால் அந்தத் தீர்ப்பைப் பத்தி பத்தியாகப் படித்தவன். அந்த மாடியில் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில் காத்திருக்கும் மனைவியரைப் பற்றியும் எவரும் பேசவில்லை. அவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் என்ன மிச்சம் என்ற கேள்வி தட்டில் தோலோடு தோலாகக் கிடந்தது.

“நம்ம மாதிரி ஆளத் தேடறதுக்குப் போன்ல ஆப்பு இருக்கு சார்,” என்றான் மதன். “தொறந்தா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள நாப்பது பேரு. போட்டோ எல்லாம் தலையில்லாத நெஞ்சு. அதுல ஒண்ணு எங்க மாமாவோடதா இருந்தாலும் எனக்குத் தெரியாது. பேஜாரு.”

“உங்க மாமாவுக்கு அவ்ளோ நெஞ்சு கெடயாது,” என்றார் செல்வம். “நான் பாத்திருக்கேன், ஏரியில குளிக்கும்போது.”

சிரிப்பு அடங்கியதும் ராஜின் பேச்சு வந்தது. ஜனவரியில் அவர் வந்தால் குழு நாள் தவறாமல் கூடுமாம். சமையலறைக்குள் புகுந்து காதர் பாயின் கருவாட்டுக் குழம்பில் குறை சொல்வாராம். சண்டைகளை விலக்கி வைப்பாராம். என்னோடிருந்த ராஜ் அதிகம் பேசாதவர். வேறொருவரைப் பற்றிக் கேட்பது போல உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதரையும் எனக்குப் பிடித்திருந்தது.

“நாளைக்கு அண்ணன் ஊரு முனையில நம்ம குழு சார்பா கண்ணீர் அஞ்சலி பேனர் சார்,” என்றார் செல்வம். “எட்டுக்கு ஆறு. ராத்திரியே கட்டிடுவாங்க. போட்டோ தேடறதுக்குள்ள தாவு தீந்துபோச்சி. அண்ணன் எங்களுக்கு அனுப்பினதுல தனியா நிக்கற படமே இல்ல. எல்லாத்துலயும் நீங்க பக்கத்துல இருக்கீங்க. ஒண்ண ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பி, அவரு மூஞ்சிய மட்டும் எடுத்துக்கன்னு சொல்லியிருக்கேன்.”

ஊருக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் எழுந்தார்கள். ஆறு மணிக்கு மாடி காலியாகிவிட்டது. பாரிஸில் அந்நேரம் அதே பணிக்காக எவரும் குளிக்கவே தொடங்கியிருக்க மாட்டார்கள்.

*

சனிக்கிழமை காலை சென்னைப் பேருந்தில் ஏறித் திண்டிவனம் ஒன்று என்றேன்.

“உள்ள போவாது சார். பைபாஸ்ல எறக்கி உட்றேன். ஜல்தியா எறங்கிக்கணும்.”

ஓர் ஊரின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு அந்த ஊருக்குள் போகாமலே இருப்பதைப் பேருந்துகள் இங்கே ஒரு கொள்கையாக வைத்திருக்கின்றன. மேம்பாலத்தின் கீழ், லாரிகளின் காற்றில் வேட்டியைப் பிடித்தபடி நின்றேன். ஆட்டோ ஒன்று கிடைத்துச் செஞ்சி சாலையில் போய், ஊர் முனையில் டீக்கடை அருகே இறங்கினேன்.

பேனர் அங்கே கட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு முகங்கள் இருந்தன.

முட்டை வடிவச் சட்டகம் இரண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பூமாலை, மேலே இரு வெள்ளைப் புறாக்கள், சிலுவை. ‘கண்ணீர் அஞ்சலி. திரு. ராஜ், திரு. சிவா. உங்கள் பிரிவால் வாடும் விழுப்புரம் நண்பர்கள் இறகுப்பந்துக் குழு.’ படத்தோடு ராஜ் எழுதி அனுப்பிய பெயர்களைக் கடைக்காரர் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே இருவர் படம் அஞ்சலிக்கு வந்தால் இருவரும் போய்விட்டார்கள் என்றே கொள்வார்கள். அந்த அலங்காரம் வழக்கமாகக் கணவன் மனைவிக்கு உரியது.

டீக்கடைக்காரர் பேனரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மீண்டும் பேனரைப் பார்த்தார்.

“டீ சாப்பிடறீங்களா?” என்றார், எச்சரிக்கையாக.

சாப்பிட்டேன். பெஞ்சிலிருந்த ஒருவர் மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது: “சுடச்சுடக் குடிக்கிறாரு. ஆளு உசுரோடதான் இருக்காரு.”

செல்வத்தை அழைத்தேன். காதர் பாயோடு வந்துகொண்டிருந்தவர் வண்டியை நிறுத்திக் கேட்டார். பிறகு, “சார், அங்கேயே இருங்க, யார்கிட்டயும் பேசாதீங்க,” என்றார். எங்கள் இருவரின் படம் பாரிஸ் வீட்டுச் சுவரில் உண்டு. தெருவில் இருந்ததில்லை. டீ ஆறிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் ராஜின் தங்கை பிலோமினாவும் வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சேலை. அவர் பின்னால் கணவர் சவரிமுத்து.

“எவன்டா வெச்சது இத? கிழிச்சிப் போடுங்க,” என்றார் சவரிமுத்து.

“பூச நாள்ல மாதாகோயிலு முனையில கத்தாத,” என்ற பிலோமினா என்னிடம் திரும்பினார். “நீங்கதான் சிவா சாரா?”

“ஆம்.”

“ஓனரு.”

“ஓனர் இல்லை. வாடகை இருவரும் சேர்ந்து கொடுத்தோம்.”

அவர் பேனரின் கடைசி வரியைப் படித்தார். செல்வத்தையும் காதர் பாயையும் ஒருமுறை பார்த்தார். “எங்கண்ணன் பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடு வந்தா வயித்து வலின்னு படுத்துக்குவாரு. அவரு அறுவது வயசுல ஷட்டில் ஆடப் போறேன்னு பேட்ட தூக்கிக்கினு கெளம்புவாரு. நானும் பாட்டில்ல தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்புவேன்.”

பிலோமினா மீண்டும் என் பக்கம் திரும்பினார்.

“கேக்க வேண்டியத கேக்காமலே உட்டேன் சார். இப்ப ஊரு கேக்குது. நான் இன்னான்னு சொல்றது?”

“நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். பேனரைக் கழற்றச் சொல்கிறேன். கடைசி வரிசையில் இருந்து பூசை கண்டுவிட்டுப் போய்விடுகிறேன்.”

“அதுக்கா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்தீங்க?”

“இல்லை,” என்றேன்.

கோயில் மணி அடித்தது. அவர் முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தார்.

கடைசி வரிசையில் அமர்ந்தேன். சாமியார் இந்தப் பங்குக்குப் புதியவர். ஊர் முனை வழியாகத்தான் வந்திருப்பார். பூசையின் தொடக்கத்தில், அது யாருக்காக என்ற கருத்தைச் சொன்னார்: “மரித்த நம் சகோதரர்கள் அந்தோணிராஜ், சிவா ஆகியோரின் ஆன்மா இளைப்பாற இன்று வேண்டிக்கொள்வோம்.”

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்,” என்றது ஊர்.

முன்வரிசையில் சவரிமுத்து எழ முற்பட்டார். பிலோமினாவின் கை அவர் முழங்கை மீது போனது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் திருத்திவிடலாம், பிலோமினாவும் எழவில்லை. எனக்காக வேண்டிய அந்த இருநூறு பேரும் அதை மனமார வேண்டினார்கள். நான் கிறிஸ்தவன் அல்லன். கடவுளோடும் எனக்குப் பழக்கம் குறைவு. ஆயினும் எங்கள் பெயர்கள் ஒரே மூச்சில் உச்சரிக்கப்பட்டதை நான் குறையாகக் கொள்ளவில்லை. மன்றாட்டு தோறும் அந்தப் பெயர்கள் திரும்ப வந்தன. ஒவ்வொரு முறையும் முன்னிருந்த பெஞ்சுப் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

கல்லறை இன்னும் மண்ணாகவே இருந்தது. சிமெண்டு பூச மண் இறுக வேண்டுமாம். சாமியார் தீர்த்தம் தெளித்தார். சாமந்தியின் மணத்தோடு ஈரமண் வாசனை எழுந்தது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன்.

பிறகு வரிசை. வாசலின் இடப்புறம் சவரிமுத்து, பிலோமினா, அவர்களின் இரு மகன்கள். ஊரார் நகரத் தொடங்கினார்கள். நானும் அந்த ஓட்டத்தில் சேர்ந்து, மற்றவர்களைப் போலக் கை தொட்டுவிட்டு வெளியேறுவதற்காக நடந்தேன். என் முறை வந்தது. பிலோமினாவின் கையைத் தொட்டேன், அவர் விடவில்லை.

“இப்டி வந்து நில்லுங்க.”

“அவரு எதுக்குடி இங்க?” என்றார் சவரிமுத்து.

“நிக்கட்டும்.”

“அப்ப நான் பந்திய பாக்கப் போறேன்,” என்று அவர் வரிசையை விட்டு இறங்கிப் போனார். அவர் நின்ற இடம் காலியாக இருந்தது. பிலோமினா அதைக் கண்ணால் காட்டினார். நின்றேன்.

அடுத்து வந்த முதியவள் என் முகத்தை அண்ணாந்து பார்த்துத் தயங்கினாள். “பிலோமி, இவரு செத்துட்டாருன்னு போட்ருக்குதே?”

“சாவல பெரிம்மா. இருக்காரு. எங்கண்ணன் கூடவே இருந்தவரு. கையத் தொடுங்க.”

தொட்டாள். வறண்ட, சூடான கை. பிறகு அடுத்தவர். அடுத்தவர். சிலர் என்னைத் தாண்டிப் போனார்கள், பலர் தாண்டவில்லை. செல்வமும் காதர் பாயும் ஊராரோடு ஊராராக வந்து தொட்டார்கள். செல்வம் மட்டும் சற்று அழுத்தினார்.

*

ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஐந்து பேரே இருந்தார்கள். பேனரை யாரோ படம் பிடித்துப் பரப்பியிருந்தார்கள். செல்வத்தின் அலுவலக வாட்ஸாப் குழுவிலும் அது வந்திருந்தது. யாரந்த சிவா, உங்கள் குழுவில் எத்தனை பேர் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊராரிடம் எனக்குக் கிடைத்தது வேறு, இவர்கள் அதற்காகக் கொடுக்கப்போகும் விலை வேறு. பேனரை உடனே இறக்கிவிடலாம் என்று நானே சொன்னேன்.

“நெட் கிழிஞ்சிடுச்சின்னு போட்டுட்டேன்,” என்றார் செல்வம். “ரெண்டு மாசம் ஆவும் சார். பரவால்ல.”

“ரெண்டு மாசம் நெஜமாவே ஷட்டில் ஆடுவோம்,” என்றார் காதர் பாய். “எவனுக்காவது எப்டி ஆடறதுன்னு தெரியுமா?”

ஒருவருக்கும் தெரியவில்லை. மதன் யூடியூபில் தேடத் தொடங்கினான்.

சென்னைப் பேருந்தில் இருந்தபோது பிலோமினா அழைத்தார். பேனரைச் சனிக்கிழமை மாலையே அவிழ்த்துவிட்டாராம். “நல்ல கெட்டி ஃப்ளெக்ஸு சார். மல்லாட்டை காய வெக்கறதுக்கு ஆவும். மூஞ்சி அடிப்பக்கம் வர்ற மாதிரி விரிச்சிருக்கேன். மேல இருந்தா வெய்யில்ல வெளுத்துடும்.”

நன்றி சொன்னேன்.

“இன்னொண்ணு. வருசப் பூசைக்கு இப்பவே சொல்லி வெக்கணும். பூச குடுக்கறவங்க பேரோட, செத்தவருக்கு இன்னா மொறைன்னும் சேத்துப் படிப்பாங்க. தங்கச்சின்னு என்னுது இருக்கு. உங்களுது இன்னான்னு நீங்களே எழுதி அனுப்புங்க. நான் எதுவும் மாத்த மாட்டேன். அப்டியே படிக்கச் சொல்றேன்.”

அவர் பின்னால் சவரிமுத்து ஏதோ சொல்வது கேட்டது. பிலோமினா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அனுப்புகிறேன் என்றேன்.

பாரிஸ் திரும்பியாயிற்று. முடிக்காமல் இருப்பவை:

ராஜின் குளிர்காலக் கோட்டைச் சலவைக் கடையிலிருந்து வாங்குவது.

நகராட்சியில் அவருடைய இறப்பைப் பதிவது.

நான் உயிரோடிருக்கிறேன் என்று சாமியாருக்கு ஒரு வரி எழுதுவது.

பிலோமினாவுக்கு அந்த ஒரு சொல்லை அனுப்புவது. மூன்று எழுதி அழித்தேன். நான்காவது மேசை மீது இருக்கிறது. உறையில் இன்னும் தபால்தலை ஒட்டவில்லை.